ஓடியாடும் பிள்ளைக்கு என்ன அவசரம்?

சம்பளச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ. பிடித்தம் 120’ என்று அச்சாகியிருந்தது. அப்படி ஏழு மாதச் சீட்டுகள். இ.எஸ்.ஐ. கழகத்தின் இணையப் பதிவில் அந்த ஏழு மாதமும் காலி. கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் தொழிலாளர் வழக்கு நடத்துகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஒப்பந்தக்காரர் கூலியில் பிடிப்பார், கட்ட மாட்டார். கேட்டால், கம்பெனி இன்னும் பில் பாஸ் பண்ணவில்லை என்பார். மனுப் போடுவோம், நோட்டீஸ் போகும், வாய்தா மேல் வாய்தா ஓடும், ஒருநாள் பாக்கி வட்டியோடு வந்து சேரும். பணம்தானே, இன்று வராவிட்டால் நாளை.

இந்த வழக்கில் நாளைக்கு இடமில்லை. நான்கு வயதுப் பையன் ஒருவனுடைய ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைச் சேகரிக்க வேண்டும். அதற்கென்று உடம்பு கொடுக்கும் நாட்கள் மிகச் சில.

தகப்பனார் கவரைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி, மாதம் 16,000 ரூபாய். 2019 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ. சந்தாவில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அவர் கணக்கில் 120-ம் 520-ம், ஆக மாதம் 640 ரூபாய். முதல் ஆறு மாதம் ஒரு ஒப்பந்தக்காரர் ஒழுங்காகக் கட்டினார். பிறகு ஆலை ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றியது. ஆள் அதே ஆள், உலை அதே உலை, வருகைப் பதிவு மட்டும் வேறு பெயரில். அதிலிருந்துதான் ஏழு மாதமும் காலி.

பையனுக்கு வயிறு உப்பியது. கால் வலி என்று ராத்திரியில் அழுதான். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி. நியூரோபிளாஸ்டோமா. எலும்பு மஜ்ஜைக்கும் பரவியிருந்தது. ஒன்றரை வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த நோய் இப்படிப் பரவியிருந்தால் அது உயர் ஆபத்து வகையில் சேரும். கீமோ ஆரம்பித்தார்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு கட்டி சுருங்கியது, மஜ்ஜையும் தெளிந்தது. அடுத்து ஸ்டெம் செல் எடுக்க வேண்டும், அந்த வசதியுள்ள, இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தமுள்ள டை-அப் மருத்துவமனைக்கு இ.எஸ்.ஐ. ரெஃபரல் வாங்கி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அங்கேதான் முட்டிக்கொண்டது.

உயர் சிறப்புச் சிகிச்சைக்கு இ.எஸ்.ஐ. ஒரு தகுதி வைத்திருக்கிறது. 2018-ல் அதைத் தளர்த்தினார்கள். தொழிலாளிக்கென்றால் ஆறு மாத வேலையும் 78 நாள் சந்தாவும் போதும். அவருடைய குடும்பத்தாருக்கென்றால் ஓராண்டு வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும். இவருக்கு வேலைக்காலம் ஓராண்டைக் கடந்துவிட்டது. சந்தா நாள் கணினியில் 138. பதினெட்டு நாள் குறைவு. அலுவலகத்தில் இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். திரையில் இருந்ததை வாசித்தார், அவ்வளவுதான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாமே என்று பலரும் சொன்னார்கள். அதற்கு அப்போது ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவருடைய சம்பளச் சீட்டைக் கூட்டினால் 1,92,000. ஏழைக்கான திட்டத்தில் இவர் வசதிக்காரர், தொழிலாளிக்கான திட்டத்தில் இவர் நாள் போதாதவர்.

“பிடிச்சிக்கினுதானே சார் இருக்காங்க? அப்புறம் எப்படி சார் கட்டலைன்றாங்க?” என்று கேட்டார். ஏழு சீட்டுகளையும் ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். வழக்கின் ஆதாரம் முழுக்க அந்த உறைக்குள் இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் என் மேசைக்கு அடியில் புகுந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, என் பெயரையும் பதிவு எண்ணையும் தன் புறங்கையில் குத்திக்கொண்டான். தலையில் முடி இல்லை. அதைத் தவிர நோயாளி என்று சொல்ல முடியாது. இந்த வழக்கின் சிக்கலும் அதுதான். மூச்சுக் கருவியில் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் உத்தரவு வாங்கிவிடலாம். ஓடியாடும் பிள்ளைக்கு அவசரம் என்று நீதிமன்றத்தை எப்படி நம்பவைப்பது?

முதலில் நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த வகைக் கட்டியில் சாதாரண அளவுக் கீமோவுக்குத் தப்பிய செல்கள் மீண்டும் முளைத்துவிடும். அவற்றை அழிக்க மிக உயர்ந்த அளவில் மருந்து கொடுக்க வேண்டும். அந்த அளவு கட்டியோடு மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடும், ரத்தம் ஊறாது. அதனால் பிள்ளையின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்து, உயர் அளவு மருந்து முடிந்ததும் திருப்பி ஏற்றுவார்கள். வெளியாள் தானம் வேண்டியதில்லை, ஒவ்வாமைச் சண்டையும் இல்லை. தகப்பனார் சட்டென்று பிடித்துக்கொண்டார்: “வெதநெல்ல எடுத்து வெச்சிக்கினு வயல கொளுத்துற மாதிரி.”

எப்போது எடுப்பது என்பதில்தான் வழக்கே இருந்தது. ரொம்ப முன்னால் எடுத்தால் மஜ்ஜையில் இருக்கும் புற்று செல்லும் பையோடு வந்துவிடும் அபாயம். ரொம்பத் தள்ளிப் போட்டால், ஒவ்வொரு கீமோ சுற்றும் ஸ்டெம் செல்களின் இருப்பையே கரைத்துவிடும். அப்புறம் எவ்வளவு முயன்றாலும் போதுமான அளவு தேறாது. நடுவில் ஒரு சுற்று முடிந்து, ரத்த எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய் மேலே எழும் நாட்களில், ஜி-சி.எஸ்.எஃப். ஊசி தினமும் போட்டால் மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்த ஓட்டத்துக்கு இறங்கி வரும். சி.டி.34 என்ற அடையாளத்தை வைத்து அவற்றை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை ஏறி நிற்பது ஓரிரு நாள். அதைத் தவறவிட்டால் கட்டியை அடக்கி வைக்க அடுத்த சுற்றுக் கீமோவுக்குப் போயே ஆக வேண்டும்.

டாக்டரம்மா முதலில் கொடுத்த சான்று, எல்லா மருத்துவர்களும் எழுதுவது போலத்தான் இருந்தது: குழந்தைக்கு இன்ன நோய், தன் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தேவை, ஆவன செய்யவும். மருத்துவருக்கு இது போதும். நீதிமன்றத்துக்குப் போதாது. நோட்டீஸ் அனுப்பி நான்கு வாரம் என்று போட்டுவிடுவார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. திரும்பப் போய் உட்கார்ந்தேன். அவரும் நானும் ஒவ்வொரு வரியாக எழுதினோம். அடுத்த சுற்று எந்தத் தேதியில் தொடங்குகிறது. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் செல் சேகரிப்பு நடக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் முன்பு அனுமதி கையில் இருந்தால்தான் கழுத்து நரம்பில் குழாய் வைக்கவும் ரத்தம் ஏற்பாடு செய்யவும் முடியும். அந்த நாட்கள் தவறினால் என்ன ஆகும், அதைப் பிற்பாடு சரிசெய்ய முடியுமா. கடைசிக் கேள்விக்கு அவர் சற்று யோசித்துவிட்டு எழுதினார்: உறுதியாகச் சொல்ல இயலாது, ஒவ்வொரு சுற்றிலும் வாய்ப்பு குறையும். பயமுறுத்தும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. நான் பார்த்த மருத்துவச் சான்றுகளிலேயே வலுவானது அது.

சட்டத்தில் வழி எங்கே? அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-ஆம் பிரிவு, நேரடி ஆளானாலும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளானாலும் இரண்டு பங்குச் சந்தாவையும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஆலை, என்றது. கட்டிவிட்டு 41-ஆம் பிரிவின்படி ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1978-லேயே ராயல் டாக்கீஸ் வழக்கில் மூடிவிட்டது. ஹைதராபாத் திரையரங்குகளின் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் ஒப்பந்தக்காரர் வைத்த ஆட்களும் திரையரங்கின் தொழிலாளிகளே என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. சோளப்பொரி விற்றவருக்குப் பொருந்தியது உலை முன்னால் நிற்பவருக்குப் பொருந்தாதா?

வழக்கமான பாதை, 75-ஆம் பிரிவின்படி தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தில் மனு. தீர்ப்பு சரியாக வரும். அதற்குள் தேதி போய்விடும். எனக்கு வேண்டியிருந்தது 68-ஆம் பிரிவு. முதன்மை வேலையளிப்பவர் சந்தா கட்டாததால் ஒரு தொழிலாளி பலனை இழந்தால், கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கழகமே கொடுத்துவிட்டு, பிறகு அந்த வேலையளிப்பவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கொடுத்த பலனின் வித்தியாசம், அல்லது கட்டாத சந்தாவின் இரு மடங்கு, எது அதிகமோ அது. இவ்வளவு பக்குவமான பிரிவை நாங்கள் அதிகம் எடுத்தாண்டதில்லை. அதன்படி கழகத்துக்கு ஒரு முறையீட்டைக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு; அந்த முறையீட்டைத் தேதிக்குள் முடிவு செய்ய உத்தரவிட வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. இழப்பீடு கேட்கவில்லை. இழப்பீடு கேட்டால் சாட்சி, கணக்கு என்று நீளும்.

காலையில் மென்ஷன் பண்ணி லஞ்ச் மோஷனுக்கு, அதாவது அன்று பிற்பகலே விசாரிக்க, அனுமதி வாங்கினோம். பிற்பகல் வழக்கு எடுக்கப்பட்டதும் ஆலைத் தரப்பு மூத்த வழக்கறிஞர் எழுந்து கேட்டது நான் எதிர்பார்த்த கேள்விதான்: குழந்தை வீட்டில் இருக்கிறது, மருத்துவமனையில் அனுமதிக்கப்படக்கூட இல்லை, இதில் என்ன அவசரம்?

எங்கள் கையில் 1996-ஆம் ஆண்டு பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி தீர்ப்பு இருந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு. உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பை மீறுவது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அங்கே அவசரம் கண்ணுக்குத் தெரிந்தது, ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தத் தீர்ப்பை நான் அழுத்தமாக வாசித்திருந்தால் எதிர்த்தரப்பு அந்த வித்தியாசத்தைத்தான் பிடித்திருக்கும். அதனால் தீர்ப்பைக் கடைசிக்கு வைத்துவிட்டு டாக்டரம்மாவின் சான்றை முதலில் வாசித்தேன். தேதிகள் வந்த இடத்தில் நீதிபதி நிறுத்தச் சொல்லி, மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு யாரும் அவசரம் எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த ஆட்சேபம் கூர்மையானது: ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் சோதனை நிலையில் இருப்பது, பொதுப் பணத்தை அதற்குச் செலவிடலாமா? ஊரில் மூட்டு வலியிலிருந்து ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் என்று போர்டு மாட்டியவர்களால் வந்த வினை இது. ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் அந்தக் கடைகளைத்தான் கட்டுப்படுத்துகின்றன. ரத்த நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று நிலைபெற்ற சிகிச்சை. மும்பை டாடா மெமோரியலில் 1983-லும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் மஜ்ஜை மாற்று தொடங்கியாயிற்று. இந்த நோய்க்கே நேரடியான சான்றாக 1999-ல் அமெரிக்காவில் மாத்தேயும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். சாதாரணக் கீமோவைத் தொடர்ந்த குழந்தைகளில் மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 22. ஸ்டெம் செல் மாற்றோடு உயர் அளவு மருந்து பெற்றவர்களில் 34.

“முப்பத்து நாலுதானா?” என்றார் நீதிபதி. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு மருந்துகள் மேம்பட்டிருக்கின்றன, 2019-ல் வந்த ஆய்வில் இரண்டு முறை மாற்று செய்தவர்களில் 61 சதவீதத்துக்கு மேல் என்றும் சொன்னேன். குணமாகும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. சந்தா கட்டிய தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே வாய்ப்பைத்தான் கேட்கிறோம். நம்பிக்கை கொடுக்கும் பேச்சைவிட அந்த நேர்மையான எண்ணுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்தது.

கழகத்தின் வழக்கறிஞர் ஒரு சட்டக் கேள்வி எழுப்பினார், நியாயமான கேள்வி: 68-ஆம் பிரிவு பணப் பலனைப் பற்றியது, மருத்துவத்துக்கு எப்படிப் பொருந்தும்? 46-ஆம் பிரிவைக் காட்டினேன். பலன்கள் என்று பட்டியலிடும் அந்தப் பிரிவில் மருத்துவச் சிகிச்சையும் ஒன்று. குடும்பத்துக்கு அதை விரிப்பதும் அதே பிரிவு. பலன் என்றால் எல்லாம் பலன்தான். நோய்க்காலப் பணத்துக்கான விதியிலேயே கணக்கு, கட்டப்பட்ட சந்தாவை வைத்து அல்ல, கட்டப்பட வேண்டிய சந்தாவை வைத்துத்தான்.

ஆலைத் தரப்பு இறங்கி வந்தது வேறொரு காரணத்தால். கூலியில் பிடித்த சந்தாவைக் கட்டாமல் வைத்துக்கொள்வது இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு இரண்டாம் விளக்கத்தின்படி நம்பிக்கை மோசடி. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. நான் அதை மனுவில் ஒரு பத்தியாக மட்டும் எழுதியிருந்தேன், வாதிடவில்லை. ஆலை வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம் போனில் பேசிவிட்டு வந்து, தங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி ஏழு மாதப் பாக்கியை உடனே கட்டிவிடுவதாகச் சொன்னார். அந்தத் தொழிலாளிக்கு மட்டும் பார்த்தால் 4,480 ரூபாய், வட்டி தனி. நீதிபதி அதைப் பதிவு செய்துகொண்டு, 68-ஆம் பிரிவு முறையீட்டை இரண்டு நாளில் முடிவு செய்யும்படியும், மூன்றாம் நாள் அறிக்கை தரும்படியும் உத்தரவிட்டார். அறிக்கை நாளுக்கு முன்பே ரெஃபரல் கடிதம் கிடைத்துவிட்டது.

செல் எடுத்ததைப் பற்றி அம்மாக்காரி எனக்குச் சொன்னதும் டாக்டரம்மா விளக்கியதும் சேர்த்துச் சொல்கிறேன். பையன் எடை 13 கிலோ. உடம்பில் மொத்த ரத்தமே சுமார் ஒரு லிட்டர். ரத்தத்தை வெளியே இழுத்துச் சுழற்றி ஸ்டெம் செல் உள்ள அடுக்கை மட்டும் பிரித்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும் இயந்திரத்தின் குழாய்களுக்குள்ளேயே அதில் ஐந்தில் ஒரு பங்கு நின்றுவிடும். பெரியவர்கள் தாங்குவார்கள், இந்தப் பிள்ளை தாங்காது. அதனால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய தானச் சிவப்பணுக்களால் குழாயை முன்பே நிரப்பி வைத்துவிட்டுத்தான் இணைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் உதடு மரமரக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நாலு வயதுக்குச் சொல்லத் தெரியாது என்பதால் அடிக்கடி ரத்தத்தில் கால்சியம் பார்த்து, சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டேயிருந்தார்கள். நான்கைந்து மணி நேரம் அவனை அசையாமல் வைத்திருந்தது அம்மாவின் போனில் ஓடிய கார்ட்டூன்.

ஒரு மாற்றுக்குக் கிலோ எடைக்கு 20 லட்சம் செல்லாவது வேண்டும். 50 லட்சம் கிடைத்தால் டாக்டர்கள் நிம்மதியாக இருப்பார்கள். முதல் நாள் தேறியது போதவில்லை. மறுநாளும் உட்கார வைத்தார்கள், அளவு நிறைந்தது. நீதிமன்ற உத்தரவு ஒரு வாரம் தாமதித்திருந்தால் அந்த இரண்டாம் நாளே இருந்திருக்காது. பைகள் உறைபாதுகாப்பு மருந்து சேர்த்துத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் போய்ச் சேர்ந்தன.

கட்டி அறுவை, உயர் அளவு மருந்து, செல்களைத் திருப்பி ஏற்றியது, கதிர்வீச்சு என்று சிகிச்சை நீண்டு முடிந்தது. பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பரிசோதனைகளுக்கும் வந்துபோகிறான். நோய் போய்விட்டது என்று சொல்ல இன்னும் வருடங்கள் வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. நானும் அதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

வழக்கின் வால் ஒன்று உண்டு. ஒருவருக்கு மட்டும் ஏழு மாதம் கட்டினால் மற்றவர்களுக்கு என்ன பதில்? அதே ஒப்பந்தக்காரரிடம் இருந்த எல்லோருக்கும் ஆலை பாக்கியைக் கட்டி, அவருடைய பில்லிலிருந்து பிடித்துக்கொண்டது. இப்போது அந்த ஆலையில் ஒப்பந்தக்காரர்கள் போன மாதச் சந்தா கட்டிய சலானை வைத்தால்தான் இந்த மாத பில் நகர்கிறது. மாதச் சந்தாவுக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதி கெடு. தொழிலாளிகள் தங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து அதைத் தாங்களே போனில் பார்த்துக்கொள்ளலாம், பார்க்கவும் செய்கிறார்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு இந்த வழக்குக் கட்டிலிருந்து நான் எடுத்துக் காட்டுவது தீர்ப்பு நகலை அல்ல, அந்த மருத்துவச் சான்றைத்தான். கீமோவும் செல் சேகரிப்பும் மட்டுமல்ல, காது கேளாக் குழந்தைக்கான கருவி, சிறுநீரக மாற்று, எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள் என்பேன்: எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன, பிறகு மீட்க முடியுமா. அந்த மூன்றும் தாளில் இருந்தால், நோயாளி நீதிமன்ற வராந்தாவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் உத்தரவு வாங்கிவிடலாம்.